அரசு அலுவலகக் கடிதத்தை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா? சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியிருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், வேலை பார்ப்பது ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில். அதனால் கையில் ஒரு கடிதத்தோடு என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் அதிகம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் இருப்பவர்கள் வருவார்கள், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டவர்கள் வருவார்கள், பாசாரில் (சந்தையில்) கடை போட்டிருப்பவர்களும் வருவார்கள். கடிதம் நகராண்மைக் கழகத்திலிருந்தோ, நில அலுவலகத்திலிருந்தோ, பதிவிலாகாவிலிருந்தோ வந்திருக்கும். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். அந்தத் தாமதம் என்னை மிகவும் வருத்துகிறது. அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் விஷயத்தை ஒரு வழக்கறிஞர் கடிதத்தைப் படித்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

அரசாங்கம் ஒரு முடிவு எடுத்த பிறகு அதைக் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். அதற்கென்றே சீராய்வு என்று ஒரு வழி இருக்கிறது. மலாய்ப் பத்திரங்களில் ‘செமாக்கான் கெஹாகிமான்’ என்று பார்த்திருப்பீர்கள். அமைச்சர், இலாகா, நில நிர்வாகி, ஊராட்சி மன்றம் என யாராக இருந்தாலும் பொது அதிகாரத்தைப் பயன்படுத்தி எடுத்த முடிவை உயர்நீதிமன்றம் சட்டப்படி சோதித்துப் பார்க்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ இது நடக்காது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். இதற்கான நடைமுறை 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் ஆணை 53இல் இருக்கிறது.

முடிவு எடுத்ததை மட்டுமல்ல, எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் இழுத்தடிப்பதையும் இதே ஆணையின் கீழ் கேட்கலாம். மனு கொடுத்து ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை என்றால் அதுவும் நீதிமன்றம் பார்க்கக்கூடிய விஷயம்தான். ஆனால் முதலில் எழுத்துமூலமாக ‘முடிவைச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும். கவுண்டரில் வாயால் கேட்டது கணக்கில் வராது.

அதிகாரி முடிவு தப்பு என்று நான் சொன்னால், நீதிபதி எனக்கு லைசென்ஸ் கொடுத்துவிடுவாரா?

பொதுவாகக் கொடுக்க மாட்டார். அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேலையைத் தானே செய்வது நீதிபதியின் வேலை இல்லை. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் உங்கள் பாலை மறுபடி நிறுத்துக் கொடுக்காது. தராசு சரியா, நிறுத்தவர் நிறுக்க அதிகாரம் உள்ளவரா, நீங்கள் நிற்கும்போது நிறுத்தாரா என்றுதான் பார்க்கும். இதில் கோளாறு இருந்தால் அந்தக் கணக்கை ரத்து செய்து, ‘சட்டப்படி மறுபடி செய்’ என்று திருப்பி அனுப்பும்.

மேல்முறையீட்டுக்கும் சீராய்வுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மேல்முறையீட்டில் ‘முடிவு சரியா’ என்று கேட்கிறோம். சீராய்வில் ‘முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா’ என்று கேட்கிறோம். மலேசியாவில் இந்தக் கோடு முழுக்க இறுக்கமானது இல்லை. ராமச்சந்திரன் என்பவர், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில்துறை நீதிமன்றத்தை எதிர்த்துக் கொண்டுபோன வழக்கில், தகுந்த விஷயங்களில் முடிவின் உள்ளடக்கத்தையும் பார்க்கலாம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 1997ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்பு அது. அவருடைய விஷயத்தைத் திருப்பி அனுப்பாமல் நீதிமன்றமே நிவாரணமும் கொடுத்தது. ஆனாலும் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் போடக் கூடாது.

தோட்ட நிர்வாகம் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. இதற்குச் சீராய்வு போடலாமா?

போட முடியாது. தோட்டம் தனியார் கம்பெனி, அது எடுத்தது அரசாங்க முடிவு இல்லை. இதற்கு 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் பிரிவு 20 இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் புகார் பதிய வேண்டும். அறுபது நாள் தாண்டினால் வாசல் அடைபட்டுவிடும். விஷயம் தொழில்துறை நீதிமன்றம் போய், அங்கே வந்த தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால், 2021ஆம் ஆண்டிலிருந்து 14 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு அதற்கும் சீராய்வுதான் வழி. பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கவனமாக இருங்கள்.

லயத்தைக் காலி செய்யச் சொன்னாலும் இதே நிலைதான். கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள தகராறுக்கு வேறு சட்டம், வேறு நீதிமன்றம். லயத்துக் குடிநீரும் கக்கூசும் கூரையும் மோசமாக இருந்து, தொழிலாளர் இலாகா பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருந்தால், அந்த இலாகாவின் செயலின்மை பற்றித்தான் சீராய்வுப் பேச்சு வரும். தொழிலாளர் குடியிருப்பின் தரத்துக்கு 1990ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது.

எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?

3 மாதம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

விதி சொல்வது இரண்டு விஷயம். தாமதமில்லாமல் போக வேண்டும். எப்படியானாலும், காரணம் எழுந்த நாளிலிருந்தோ முடிவு உங்களுக்கு முதன்முதலாகத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தோ 3 மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனுப் பதிவாகியிருக்க வேண்டும். லாயரைப் பார்த்த நாளோ லாயர் கடிதம் அனுப்பிய நாளோ கணக்கில் வராது. 2012க்கு முன் இந்தக் கெடு வெறும் 40 நாளாக இருந்தது. கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நல்ல காரணம் காட்ட வேண்டும். ‘எனக்குச் சட்டம் தெரியாது’ என்பதை நல்ல காரணமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

நம் ஆட்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்ததும் அதே இலாகாவுக்கு ‘ரயுவான்’ (மறுபரிசீலனை மனு) எழுதுவார்கள். பிறகு ஒய்பியிடம், அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதியிடம் போவார்கள். ஒய்பி ஆபீஸ் ஒரு ஆதரவுக் கடிதம் கொடுக்கும். இரண்டு மாதம் போகும். ‘முன்பு சொன்னதே எங்கள் முடிவு’ என்று இலாகா இரண்டு வரியில் பதில் போடும். அந்த இரண்டாவது கடிதத்திலிருந்து நாளை எண்ணிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். பழைய முடிவையே திரும்பச் சொல்லும் கடிதம் பொதுவாகப் புதிய முடிவாகாது. நாள் முதல் கடிதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ரயுவான் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுங்கள், ஒய்பியையும் பாருங்கள். அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள்.

சட்டமே மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தால் கதை வேறு. நில நிர்வாகி, பதிவாளர், மாநில நில இயக்குநர் ஆகியோர் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவுக்கு, பிரிவு 418இன்படி 3 மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டுமானத் திட்ட அனுமதி மறுக்கப்பட்டால் மாநிலத்தின் மேல்முறையீட்டு வாரியத்துக்கு 1 மாதத்துக்குள் போக வேண்டும். இப்படி வழி இருக்கும்போது அதை விட்டுவிட்டு நேராகச் சீராய்வுக்குப் போனால், மிகவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே நீதிமன்றம் ஏற்கும். ஜக்டிஸ் சிங் வழக்கில் 1987இல் உச்சநீதிமன்றம் (இன்றைய கூட்டரசு நீதிமன்றத்தின் அப்போதைய பெயர்) இதைச் சொல்லிவிட்டது.

கடிதத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். வலது மூலையில் ‘ருஜுக்கான் காமி’ (எங்கள் குறிப்பு) என்று ஒரு எண் இருக்கும், அதன் கீழே ‘தாரிக்’ (தேதி). அந்தத் தேதி கடிதம் எழுதப்பட்ட தேதி. உங்கள் கைக்கு வந்த தேதி வேறாக இருக்கலாம், சில நேரம் மூன்று வாரம்கூட வித்தியாசம் இருக்கும். அதனால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. உறையின்மேல் பேனாவால் ‘இன்று கிடைத்தது’ என்று எழுதித் தேதி போட்டு, கடிதத்தோடு சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள். நேரில் போய் வாங்கினால், வாங்கியதாகக் கையெழுத்துப் போட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முந்திய தேதியையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து நடுப்பகுதி. ‘டுகாசித்தா டிமாக்லும்கான்’ (வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்) என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தில்தான் முடிவு இருக்கும். அதைத் தொடர்ந்து எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் முடிவெடுத்திருந்தால் அந்தக் கூட்டத்தின் எண்ணும் தேதியும் இருக்கும்.

கடைசியில் கையெழுத்து. பெயருக்குக் கீழே உள்ள பதவியைப் படியுங்கள். ‘பி.பி.’ என்று போட்டு ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திட்டிருந்தால் அதனால் மட்டும் கடிதம் செல்லாமல் போகாது. ஆனால் முடிவை உண்மையில் எடுத்தது யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் வந்தால் வழக்கறிஞர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்.

என்ன காரணம் காட்டி எதிர்க்கலாம்?

நீதிமன்றங்கள் வழக்கமாக மூன்று வகை சொல்லும்: சட்டத்துக்குப் புறம்பாகச் செய்தது, நடைமுறையை மீறியது, அறிவுள்ள எந்த அதிகாரியும் எடுக்காத முடிவு. தண்டனை தவறின் அளவைத் தாண்டிப் போனால் அதையும் இப்போது பார்க்கிறார்கள். இதை வழக்குகளை வைத்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

முதலில் சுரிந்தர் சிங் கண்டா. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர், 1958இல் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அவரை விசாரித்த அதிகாரியின் கையில் அவருக்குப் பாதகமான ஒரு விசாரணை அறிக்கை இருந்தது. அதன் பிரதி கண்டாவுக்குக் கொடுக்கப்படவில்லை. வழக்கு, அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1962இல் அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பானது. காரணம் இரண்டு. மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு இன்ஸ்பெக்டரை நீக்கும் அதிகாரம் போலீஸ் சேவை ஆணையத்திடம் இருந்தது, நீக்கியதோ போலீஸ் ஆணையர். அடுத்தது, ஒருவர்மேல் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையே காட்டாமல் ‘உன் பக்கத்தைச் சொல்’ என்றால் அது கேட்டதாகாது. கையெழுத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னதன் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது.

அடுத்தது ஸ்ரீ லெம்பா வழக்கு, 1979ஆம் ஆண்டு அறிக்கைகளில் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் நிலத்தை மேம்படுத்த அனுமதி கேட்டது. ‘உன் நிரந்தரப் பட்டாவை ஒப்படைத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகை வாங்கிக்கொள், அனுமதி தருகிறோம்’ என்று நிபந்தனை போட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனை போட நிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளியது. எல்லா அதிகாரத்துக்கும் சட்டம் போட்ட எல்லை உண்டு, இல்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்று அந்தத் தீர்ப்பில் எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பின்னாளில் நம் பேராக் மாநிலத்தின் சுல்தானாகி, மாமன்னராகவும் இருந்தவர். பக்கத்து ஊரான கோலகங்சாரின் அரண்மனைக்காரர் சொன்னது இது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. அலுவலகத்துக் கடிதத்தைத் தலைவிதியாக எடுத்துக்கொள்கிற நம் பெரியவர்களுக்கு அது ஒரு தைரியம் கொடுக்கிறது.

மூன்றாவது டான் டெக் செங். பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியர். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆவது விதியில் வரும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்றது. அவருடைய தவறுக்கு வேலை நீக்கம் அதிகப்படியான தண்டனை என்று சொல்லி, பதவி இறக்கமாக மாற்றியது. அரசாங்கத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அரசியலமைப்பின் 135ஆவது விதியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பது அதன் பொது விதி. சில விதிவிலக்குகள் அதிலேயே இருக்கின்றன. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமான ஊழியர் அவற்றில் ஒன்று.

காரணமே சொல்லாமல் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். செய்யலாமா?

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் பிரிவு 107, காரணம் தெரிவிக்காமலேயே லைசென்ஸை எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம் என்றுதான் சொல்கிறது. தோசைக்கடை வைத்திருப்பவருக்கு இது மிகவும் கொடுமையான பிரிவு என்பது என் கருத்து. என்றாலும், காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு, காரணமே இல்லாமல் செய்யலாம் என்பது வேறு. சொந்தப் பகைக்காகவோ, சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத நோக்கத்துக்காகவோ செய்திருந்தால் அதை நீதிமன்றம் பார்க்கும். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வெறும் சந்தேகம் போதாது. பக்கத்துக் கடைக்கு அதே விதிமீறலுக்கு வெறும் அபராதம், உங்களுக்கு ரத்து என்றால், அந்த அபராத நோட்டீஸின் படம் ஆயிரம் வார்த்தைப் புலம்பலைவிட உதவும்.

அலுவலகக் கோப்பைக் கேட்டுப் பெற நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைக்கவில்லை. பினாங்கும் சிலாங்கூரும் தங்களுக்கென்று மாநிலச் சட்டம் இயற்றிக்கொண்டன. அதனால் பேராக்கில் நாம் சேர்த்து வைக்கும் காகிதம்தான் நமக்குச் சாட்சி.

‘இந்த முடிவே இறுதி, நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது’ என்று சட்டத்திலேயே இருக்கிறதாமே?

சில சட்டங்களில் இருக்கிறது. தோட்டப்புறத்தில் இது அதிகம் வலிக்கிற இடம் சிவப்பு ஐசியும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) குடியுரிமையும்தான். குடியுரிமைப் பகுதியின் கீழ் கூட்டரசு அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடோ மறுஆய்வோ செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ் குடியுரிமை கேட்டு மனுப் போட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் இந்தச் சுவரில்தான் மோதுகிறார்கள். ஆனால் ‘அரசாங்கம் மனது வைத்துக் கொடு’ என்று கேட்பதும், ‘நான் பிறப்பாலேயே குடிமகன், நீ பதிவு செய்யத்தான் வேண்டும்’ என்று கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. உங்கள் பிள்ளை எந்த வகை என்பதைப் பிறப்புப் பத்திரம், தாய் தகப்பன் திருமணப் பதிவு, இருவரின் ஐசி ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும். மனுப் போடுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

நீதிமன்றங்களும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி பேசவில்லை. சபாவில் வழக்கறிஞராக இருந்த சுகுமார் பாலகிருஷ்ணனின் நுழைவு அனுமதி ரத்து செய்யப்பட்டபோது, குடிநுழைவுச் சட்டத்தில் இருந்த இப்படிப்பட்ட தடையைக் கூட்டரசு நீதிமன்றம் 2002இல் அப்படியே ஏற்றுக்கொண்டது. 2018 ஜனவரி 29இல் வந்த தீர்ப்பு வேறு திசையில் போனது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்கள் பற்றிய வழக்கு அது. ஈப்போ உயர்நீதிமன்றத்தில் சீராய்வாகத் தொடங்கியதுதான். சான்றிதழ் கொடுக்கப் பேராக் மாநிலச் சட்டம் விதித்த நிபந்தனைகள் நிறைவேறவில்லை, எனவே பதிவாளருக்கு அதைக் கொடுக்க அதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு செயல்களைச் சீராய்வு செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒரு பகுதி என்றும் சொன்னது. நம் மாநிலத்து ஒரு தாய், மூன்று நீதிமன்றப் படிகளையும் ஏறி வாங்கிய தீர்ப்பு அது. கடிதத்தில் ‘முடிவு இறுதியானது’ என்று போட்டிருப்பதால் மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.

என் நிலத்தைச் சாலைக்கு எடுக்கிறார்கள். நிறுத்த முடியுமா?

நிறுத்துவது கடினம், தொகையைக் கூட்டிக் கேட்பது முடியும். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்வதற்கு முன் உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று குலசிங்கம் வழக்கில் 1982இலேயே தீர்ப்பாகிவிட்டது. கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று நிரூபித்தால் பிரகடனத்தையே தாக்கலாம். ஆனால் அது ஏற முடியாத மேடு. இழப்பீடு குறைவு என்றால் ‘பாரம் என்’ (N) என்ற படிவத்தைக் கொடுத்து விஷயத்தை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். நில நிர்வாகியின் விசாரணையில் நேரில் இருந்தவருக்கு, அவர் இழப்பீட்டுத் தீர்ப்புக் கொடுத்த நாளிலிருந்து 6 வாரம்தான் கெடு. சீராய்வின் 3 மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கோட்டை விடாதீர்கள்.

கோயிலை உடைக்க நோட்டீஸ் வந்திருக்கிறது.

மனம் வலிக்கும் கேள்வி, நேராகவே சொல்கிறேன். தோட்டம் கைமாறி, நிலம் பிரிந்து, கோயில் மட்டும் பட்டா இல்லாமல் நிற்கிற கதை நம் வட்டாரத்தில் ஏராளம். நோட்டீஸ் கொடுத்தது நில உரிமையாளரான கம்பெனியா, அரசு அலுவலகமா என்று முதலில் பாருங்கள். கம்பெனி என்றால் சீராய்வு இல்லை. அரசு அலுவலகம் என்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்ததா, எந்தப் பிரிவின் கீழ், முன்பு எழுத்தில் ஏதாவது உறுதி கொடுத்திருந்ததா என்று கேட்கலாம். ஆனால் இல்லாத பட்டாவைச் சீராய்வு உண்டாக்கித் தராது. மாற்று நிலம் பேசி வாங்குவதற்கு அவகாசம் கிடைக்கலாம். அந்த அவகாசத்தைப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். கோயில் கமிட்டி சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிந்திருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். யார் பெயரில் வழக்குப் போடுவது என்பதிலேயே பல கமிட்டிகள் தடுமாறுகின்றன.

முடிவு என் பெயருக்கு வரவில்லை. பக்கத்தில் வரும் திட்டத்தால் எங்கள் தாமானுக்கே பாதிப்பு. நான் போகலாமா?

அந்த முடிவால் பாதகமாகப் பாதிக்கப்பட்டவர் யாரும் போகலாம் என்று ஆணை 53 சொல்கிறது. ஒரு காலத்தில் வாசல் மிகவும் குறுகலாக இருந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகை பற்றி எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் கொண்டுபோன வழக்கு 1988இல் அந்த வாசலிலேயே திரும்பியது. 2014இல் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வாசலை அகலப்படுத்தியது.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்துச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் போராடி, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். தீர்ப்பு எழுதிய அமர்வின் தலைவர் நீதிபதி நளினி பத்மநாதன். அந்த வழக்கை நினைத்தால் எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. அந்தப் பூங்காவை ஒட்டிய நீண்ட வீடுகளில் இருந்தவர்கள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு வீடு தருவதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அனுமதி சட்டப்படி தவறு என்ற தீர்ப்பு சரிதான். தோட்டத்து மக்களுக்குச் சேர வேண்டிய வீட்டை அந்தத் தீர்ப்பால் தர முடியாது, அதை அரசாங்கம்தான் தர வேண்டும்.

வழக்கு எப்படி நடக்கும்?

இரண்டு படி. முதல் படியில் அனுமதி வாங்க வேண்டும். என்ன முடிவை எதிர்க்கிறோம், ஏன், என்ன உத்தரவு வேண்டும் என்று ஒரு அறிக்கையும், நடந்ததைச் சத்தியம் செய்து சொல்லும் அபிடவிட்டும் போகும். விசாரணைக்கு 3 நாளுக்கு முன்பாவது சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வந்து எதிர்க்கலாம். வெட்டி வழக்கு இல்லை, வாதிட ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் நீதிபதி அனுமதி கொடுப்பார். இரண்டாவது படியில் இலாகா பதில் அபிடவிட் போடும், பிறகு இருதரப்பு வாதம். சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசுவது அநேகமாக இருக்காது. அதனால் அபிடவிட்டில் இல்லாதது நீதிபதிக்குத் தெரியாது.

பத்திரங்கள் மலாயில் இருக்கும். நம் அம்மா அப்பாக்களில் பலர் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள், சிலர் கைநாட்டு. சத்தியப்பிரமாண ஆணையர் முன் போகும்போது, அவர்களுக்குத் தமிழில் முழுக்கப் படித்து விளக்கி, புரிந்தது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகே கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். அப்படிச் செய்ததைப் பத்திரத்திலும் எழுத வேண்டும். அவசரத்தில் ‘இங்க ஒரு ரேகை வைங்க பாட்டி’ என்று யாராவது சொன்னால், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும்போதே கடையை உடைத்துவிட்டால்?

நல்ல கேள்வி. அனுமதி கிடைத்ததாலேயே முடிவு நின்றுவிடாது. தீர்ப்பு வரும்வரை முடிவை நிறுத்தி வைக்கும் உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அரசாங்கத்துக்கு எதிராகச் சாதாரணத் தடையுத்தரவு வாங்குவதற்குச் சட்டத்தில் தடை இருப்பதால், இந்த நிறுத்திவைப்பு மனு மிகவும் முக்கியம். உடைப்புத் தேதி குறித்திருந்தால் முதல் நாளே வழக்கறிஞரிடம் அந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

செலவுக்கு என்ன செய்வது? லாயர் இல்லாமல் போகலாமா?

தனிமனிதர் தானே வாதாடலாம், ஆனால் சீராய்வில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆணை 53இல் ஒரு படி தவறினால் விஷயத்துக்குள் போகாமலேயே மனு தள்ளுபடியாகும். வசதி இல்லாதவர்கள் ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள். வருமானம் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டு, ஐசி, அந்தக் கடிதம், உறை, நீங்கள் எழுதிய எல்லா மனுக்களின் பிரதி, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள்.

அரசாங்கத்தின் பொதுமக்கள் புகார் பிரிவிலும் சுஹாகாமிலும் (மனித உரிமை ஆணையம்) செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். அதனால் சில நேரம் இலாகா தானாகவே திருத்திக்கொள்ளும். ஆனால் முடிவை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அவர்கள் விசாரிக்கும்வரை 3 மாதக் கெடுவும் காத்திருக்காது.

ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

ஜெயித்தால் முடிவு ரத்தாகும். இலாகா மறுபடி, இம்முறை முறையாக, உங்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அப்போதும் பதில் ‘இல்லை’ என்று வரலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கடமையைச் செய்யச் சொல்லும் உத்தரவும், உரிமை இருக்கிறது என்ற அறிவிப்பும் சில வழக்குகளில் கிடைக்கும். நஷ்டஈடு வேண்டுமென்றால் ஆரம்ப அறிக்கையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுத் தொகையைக் கட்டச் சொல்லி உத்தரவு வரலாம். எவ்வளவு என்பது நீதிபதியின் விருப்பம். வழக்குப் போடுவதற்கு முன்பே இதைக் குடும்பத்தோடு பேசிவிடுங்கள். முதல் படியில் அனுமதி மறுக்கப்பட்டாலும், இரண்டாம் படியில் மனு தள்ளுபடியானாலும், 30 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குமேல் கூட்டரசு நீதிமன்றம் போக அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.